உருகி ஊடுருவும் முளை: அதிர்வைக் கொண்டு மரத்திலும் எலும்பிலும் பிளாஸ்டிக்கைப் பொருத்தும் முறை

பார்ட்டிகிள் போர்டில் செய்த அலமாரியில் முதலில் கெடுவது கீல் ஓட்டைதான். புதிதில் கதவு கச்சிதமாக மூடும். இரண்டு மழைக்காலம் போனதும் மேல் கீல் ஆட ஆரம்பிக்கும். ஸ்க்ரூவை முடுக்கினால் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. கழற்றினால் உள்ளிருந்து மரத்தூள் கொட்டும். தச்சர் வந்து தீக்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்து ஓட்டையில் அடைத்து, காய்ந்தபின் அதே ஸ்க்ரூவைத் திரும்ப ஏற்றிக் கொடுப்பார். கொஞ்ச காலம் தாங்கும்.

இதில் ஸ்க்ரூவைக் குறை சொல்லிப் பயனில்லை. அதன் மரை கடித்துப் பிடிக்கக் கெட்டியான, தொடர்ச்சியான பொருள் வேண்டும். தேக்குப் பலகையில் அது கிடைக்கிறது. பார்ட்டிகிள் போர்டு மரச்சீவல்களைப் பிசினோடு கலந்து, சூட்டில் அழுத்திச் செய்யப்படுவது. மேல் முகத்திலும் கீழ் முகத்திலும் சீவல்கள் நெருக்கமாக இருக்கும். நடுப்பகுதியில் பெரிய சீவல்கள், அவற்றுக்கிடையே காற்று. மரை அந்தச் சீவல்களை வெட்டித்தான் தனக்கு இடம் செய்துகொள்கிறது. எதைப் பிடிக்க வேண்டுமோ அதையே சிதைக்கிறது. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் சிதைவு இன்னும் கொஞ்சம் கூடும்.

பலகைக்குள் இருக்கும் காற்றிடைவெளிகளை நாம் குறையாகத்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம். அவற்றுக்குள் ஏதாவது ஒன்று திரவமாக நுழைந்து, நுழைந்த இடத்திலேயே கெட்டியாகிவிட்டால்? வீட்டுச் சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வேர் நூலாக உள்ளே போகிறது, போன இடத்தில் பருத்துவிடுகிறது. அப்புறம் இழுத்தால் காரை பெயர்ந்து வருமே தவிர, வேர் உருவி வராது. அதிர்வால் பிளாஸ்டிக்கைப் பொருத்தும் முறையும் இப்படித்தான் பிடிக்கிறது. வேருக்கு மாதங்கள் ஆகும், இதற்கு ஓரிரு நொடிகள் போதும்.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் பலகையில் ட்ரில் போட்டு ஓர் ஓட்டை. அதில் வைப்பதற்கு நைலான் போன்ற பிளாஸ்டிக்கில் செய்த ஒரு முளை, அதாவது ஆணி போன்ற சின்னத் தண்டு. முளையின் பக்கங்களில் நெடுக்காக மெல்லிய வரம்புகள் இருக்கும், அல்லது நுனி கூராக இருக்கும். முளையின் தலையில் ஓர் உலோகக் கட்டையை வைத்து அழுத்துகிறார்கள். இந்தக் கட்டையை ஹார்ன் என்பார்கள், சோனோட்ரோடு என்றும் சொல்வதுண்டு. சுவிட்சைப் போட்டதும் ஹார்ன் முளையின் நீளவாக்கில் மிக வேகமாக அதிர்கிறது. ஹார்ன் அசைவது கண்ணுக்குத் தெரியாது. முளை ஓட்டைக்குள் அமிழ்ந்துகொண்டே போவது மட்டும் தெரியும். அதன் ஓரத்தில் உருகிய பிளாஸ்டிக், ஓட்டையின் சுவரில் திறந்திருக்கும் துளைகளுக்குள் நுழைகிறது.

அடுத்து அதிர்வை நிறுத்துகிறார்கள், ஆனால் அழுத்தத்தை எடுப்பதில்லை. பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். அந்த நேரத்தில் கையை எடுத்துவிட்டால் துளைக்குள் போனது கொஞ்சம் பின்வாங்கும், முளையும் தளர்ந்து நிற்கும். கெட்டியாகும் வரை ஒரு நொடியோ இரண்டு நொடியோ அழுத்திப் பிடித்துவிட்டுப் பிறகுதான் ஹார்னைத் தூக்குவார்கள். வேலை முடிந்தது. பசை காயக் காத்திருக்க வேண்டியதில்லை, அந்தப் பலகையை உடனே அடுத்த வேலைக்கு அனுப்பலாம். தொழிற்சாலைகள் இதை விரும்புவதற்கு முதல் காரணம் இந்த நேர மிச்சம்தான்.

கீல் போலக் கழற்றி மாட்ட வேண்டிய இடமாக இருந்தால் முளையின் நடுவில் ஸ்க்ரூவுக்கான துளையை முன்கூட்டியே வைத்துவிடலாம். அப்போது மரை கடிப்பது சீவலை அல்ல, நைலானை. பலமுறை கழற்றினாலும் நைலான் தாங்கும்.

அதிர்வு எங்கிருந்து வருகிறது?

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய்வருவது. இந்த இயந்திரத்தில் உள்ள ஜெனரேட்டர் அதை நொடிக்குச் சுமார் 20,000 முறை போய்வரும் மின்சாரமாக ஆக்குகிறது. அந்த மின்சாரம் ஒரு விசேஷப் பீங்கான் வில்லைக்குப் போகிறது. மின்னழுத்தம் கொடுத்தால் இந்தப் பீங்கான் நீளும், திசை மாற்றிக் கொடுத்தால் சுருங்கும். இதன் மறுதலையான விளைவை, அதாவது சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதை, பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் 1880-ல் கண்டறிந்தார்கள். 1917-ல் பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாஞ்செவின் குவார்ட்ஸ் படிகத்தை எஃகுத் தகடுகளுக்கு நடுவே வைத்து, நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் கருவி ஒன்றை அமைத்தார். இன்று பிளாஸ்டிக்கை அதிர்வால் பொருத்தும் இயந்திரத்தைப் பிரித்தாலும் அதே அடுக்குதான், குவார்ட்ஸுக்குப் பதில் பீங்கான்.

வில்லையின் அசைவு மிகச் சிறியது. அதைப் பெருக்கி முளைக்குக் கொண்டுபோவது ஹார்னின் வேலை. பெரும்பாலும் டைட்டானியத்திலோ அலுமினியத்திலோ செய்வார்கள். அதன் நீளத்தை இஷ்டத்துக்கு வைக்க முடியாது. டைட்டானியத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 5,000 மீட்டர் போகிறது. நொடிக்கு 20,000 அதிர்வு என்றால் ஓர் அலையின் நீளம் 25 செ.மீ. ஹார்ன் அதில் பாதியாக, 12.5 செ.மீ. அளவில் இருந்தால்தான் அதன் இரு முனைகளிலும் அசைவு உச்சத்தில் இருக்கும். ஹார்ன் தேய்ந்ததும் நுனியைச் சும்மா கடைசலில் சீவிவிட்டுப் போட்டால் இயந்திரம் முரண்டு பிடிப்பது இதனால்தான். நீளம் மாறினால் சுருதி மாறிவிடும்.

ஹார்னின் முனை எவ்வளவு அசையும்? நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் 30 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டரில் 33-ல் ஒரு பங்கு, தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. ஆனால் அது நொடிக்கு 20,000 முறை போய் வருகிறது. கணக்குப் போட்டால் ஒரு நொடியில் அந்த முனை மொத்தம் 2.4 மீட்டர் தூரம் நகர்ந்திருக்கும். உச்ச வேகம் நொடிக்கு 3.8 மீட்டர். முடுக்கம்தான் மலைக்க வைக்கும்: புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறத்தாழ 48,000 மடங்கு. இத்தனையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூரத்துக்குள் நடக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

சூடு பிறக்கும் இடம்

இந்த முறையில் உள்ள சாமர்த்தியமெல்லாம் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக்கை உருக்குவது பெரிய வித்தையல்ல, மெழுகுவர்த்தி இருந்தால்கூடப் போதும். தேவையான ஓரத்தை மட்டும், தேவையான கணத்துக்கு மட்டும் உருக்கி, மற்றதைக் கெட்டியாகவே விட்டுவைப்பதுதான் கடினம். முளை முழுவதும் இளகிவிட்டால் அழுத்தத்தைத் தாங்கி உள்ளே போக எதுவும் இருக்காது. மேலிருந்து அழுத்தினால் அப்படியே சப்பையாகிவிடும்.

அதிர்வு இதை எப்படிச் சாதிக்கிறது? முளையும் ஓட்டையின் சுவரும் தொடும் இடத்தில் முதலில் உரசல். வரம்புகளும் கூர்நுனியும் இதற்காகத்தான். முழுப் பரப்பும் தொட்டால் அழுத்தம் பரவிப்போகும். விளிம்பு மட்டும் தொட்டால் மொத்த ஆற்றலும் அந்த மெல்லிய கோட்டில் குவியும், சூடு முதலில் அங்கே பிறக்கும்.

அடுத்து நடப்பதுதான் அழகு. குளிர்ந்த நிலையில் கெட்டியான பிளாஸ்டிக்கை அசைத்தால், வாங்கிய ஆற்றலை அது பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிடும். எனவே முளையின் உடல் அதிர்வைக் கீழே கடத்துமே தவிரப் பெரிதாகச் சூடேறாது. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டினால் கதை மாறுகிறது. நீளமான பிளாஸ்டிக் மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கத் தொடங்கும். ஒவ்வொரு அதிர்விலும் ஆற்றலில் ஒரு பங்கு அந்த உள்ளுரசலில் சூடாக மாறும். ஆகவே எந்த இடம் உரசலால் முதலில் சூடானதோ, அதே இடம் இப்போது மற்ற இடங்களைவிட அதிக ஆற்றலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. சூடான இடம் மேலும் சூடாகிறது, குளிர்ந்த நடுப்பகுதி குளிர்ந்தே இருக்கிறது. வெளியிலிருந்து யாரும் வழிகாட்டாமலேயே சூடு ஓரத்தில் போய்ச் சேர்கிறது.

எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று ஒரு தோராயக் கணக்குப் பார்க்கலாம். 8 மி.மீ. விட்டமுள்ள நைலான் முளை, 20 மி.மீ. நீளத்துக்கு, வெளிப்புறத்தில் அரை மில்லிமீட்டர் மட்டும் உருகுகிறது. அந்த மேலோட்டின் எடை கால் கிராமுக்குச் சற்று அதிகம். நைலான்-6 உருகுவது சுமார் 220 டிகிரி செல்சியஸில். அறை வெப்பத்திலிருந்து அங்கே கொண்டுபோய் உருக்க 130 ஜூலிலிருந்து 150 ஜூல் வரை போதும். 1,000 வாட் இயந்திரத்தின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும் அரை நொடிக்குள் வேலை ஆகிவிடும்.

மரம் கருகாதா என்று கேட்கலாம். நேரம் கொடுத்தால் கருகும். 200 டிகிரிக்கு மேல் மரம் பழுப்பேறிச் சிதையத் தொடங்கும். இங்கே அந்தச் சூடு நீடிக்கும் நேரம் மிகக் குறைவு. மரம் வெப்பத்தை மோசமாகக் கடத்தும் பொருள் என்பதும் இங்கே நன்மையாகிறது: சூடு உள்ளே பரவி வீணாகாமல் எல்லையிலேயே நிற்கிறது, உருகியது துளைக்குள் போகும்வரை திரவமாகவே இருக்கிறது. இதே முளையை இரும்பில் போட்ட ஓட்டைக்குள் வைத்தால் சூடு இரும்பால் உறிஞ்சப்பட்டுவிடும். போக இரும்பில் துளையும் இல்லை.

ஓட்டையின் சுவருக்குள்

பலகையை நெடுக்காக அறுத்து, முளை இருக்கும் இடத்தை ஒரு நல்ல லென்ஸ் வைத்துப் பார்த்தால் இந்த முறை மனதில் பதிந்துவிடும். நடுவே முளையின் தண்டு, வார்ப்பிலிருந்து வந்தபடியே மழமழவென்று. ஓரத்தில் அது முளைக்குச் சொந்தமா, மரத்துக்குச் சொந்தமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு பட்டை. சீவல்களைச் சுற்றி வளைத்துப் பிளாஸ்டிக் போயிருக்கும், சில சீவல்கள் பிளாஸ்டிக்குக்குள் முழுதாக மூழ்கியிருக்கும். அதற்கு அப்பால் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகள். இங்கே நைலானும் மரமும் ரசாயன முறையில் ஒட்ட வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. ஒன்றின் உருவம் மற்றொன்றின் உருவத்துக்குள் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

சீவல் பலகை இல்லாமல் பைன் போன்ற முழு மரமாக இருந்தால் இன்னொரு வேடிக்கையும் தெரியும். பைன் மரத்தின் உடல் முழுக்க நுண்குழல்கள். ஒவ்வொன்றும் சுமார் 3 மி.மீ. நீளம், அகலம் ஒரு மில்லிமீட்டரில் 30-ல் ஒரு பங்கு. பலகையின் முகத்தில் ஓட்டை போட்டால், ஓட்டைச் சுவரின் இரண்டு பக்கங்களில் இந்தக் குழல்களின் வாய் வெட்டுப்பட்டுத் திறந்திருக்கும். மற்ற இரண்டு பக்கங்களில் குழல்களின் விலாதான் தெரியும். எனவே உருகிய பிளாஸ்டிக் நார் ஓடும் திசையில் ஆழமாகவும் குறுக்குத் திசையில் மேலோட்டமாகவும் போகும். வட்டமான முளை, ஊடுருவிய பின் நீள்வட்டமாகிவிடுகிறது.

துளை எவ்வளவு சிறியதோ, அவ்வளவு சீக்கிரம் பிளாஸ்டிக் அதற்குள் உறைந்துவிடும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள துளைக்குள் நுழைந்த பிளாஸ்டிக், ஒரு நொடியில் சில நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் இறுகத் தொடங்கும். அதனால் ஊடுருவல் ஓரிரு மில்லிமீட்டர் அளவில் தானாகவே நின்றுபோகிறது. தேவைப்படுவதும் அவ்வளவுதான்.

நுண்துளை உள்ள எல்லாப் பொருளிலும் இது நடக்குமா? இரண்டு தகுதிகள் வேண்டும். துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும், அல்லது ஓட்டையின் சுவரில் திறந்தாவது இருக்க வேண்டும். உள்ளே சிறைப்பட்ட காற்றுக்குமிழிகளால் பயனில்லை. அடுத்ததாக, உருகியது நுழையும் அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்குத் துளைகளின் சுவருக்குத் தெம்பு வேண்டும். மரம், பிளைவுட், சீவல் பலகை, கெட்டியான நுரைப் பொருள்கள், காற்றூட்டிய கான்கிரீட் இதில் தேறும். மெத்தைப் பஞ்சு தேறாது, அழுத்தினால் நசுங்கி ஒதுங்கும். இரு பக்கமும் தகடு, நடுவில் தேன்கூட்டு அறைகள் என்று எடைக் குறைப்புக்காகச் செய்யும் பலகைகளிலும் இதைப் பயன்படுத்தலாம். அவற்றில் ஸ்க்ரூ கிட்டத்தட்ட எதையுமே பிடிப்பதில்லை.

முளையை உருக்கும் விதமும் ஒன்றல்ல. சற்றே கூம்பிய முளையை இறுக்கமான ஓட்டையில் தள்ளினால் பக்கங்கள் உருகும், பிடி நெடுக இருக்கும். நேரான முளையைச் சற்றுத் தாராளமான ஓட்டையில் விட்டு, அதன் நுனி அடியில் முட்டும்படி செய்தால் நுனிதான் உருகும், பிடி அடியில் இருக்கும். சீவல் பலகையின் நடுப்பகுதியில் காற்று அதிகம் என்று மேலே சொன்னேன் அல்லவா? நுனி அங்கே உருகும்படி ஓட்டையின் ஆழத்தை வைப்பதே கெட்டிக்காரத்தனம். எந்த இடத்தில் ஸ்க்ரூ தோற்றதோ அந்த இடத்தில்தான் இது நன்றாகப் பிடிக்கிறது.

கைக்கடிகாரத்திலிருந்து மரப்பலகைக்கு

கெட்டியான பிளாஸ்டிக் பாகங்களை அதிர்வால் ஒட்டும் வழி 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தற்செயலாகப் பிறந்தது. பிரான்சன் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ராபர்ட் சோலஃப், மெல்லிய பிளாஸ்டிக் தாள்களை மீயொலிக் கோலால், அதாவது காதுக்கு எட்டாத வேகத்தில் அதிரும் கோலால், ஒட்டிக்கொண்டிருந்தார். கோல் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் டேப் டிஸ்பென்சர் மேல் பட்டது. அதன் இரண்டு பாதிகளும் ஒட்டிக்கொண்டன. தொட்ட இடத்தில் மட்டும் வேலை செய்யும் என்று நினைத்திருந்த அதிர்வு, கெட்டியான பிளாஸ்டிக்கின் வழியே பயணம் செய்து தூரத்தில் இருக்கும் மூட்டையும் ஒட்டும் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. அவருக்கும் சீமோர் லின்ஸ்லிக்கும் 1965-ல் காப்புரிமை கிடைத்தது. பொம்மைகளிலிருந்து கார் விளக்குகள் வரை அந்த முறை பரவியது.

அது பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்கை ஒட்டும் கதை. துளையுள்ள பொருளுக்கு அது தாவியதில் ஸ்விட்சர்லாந்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1983-ல் வெளிவந்த ஸ்வாட்ச் கைக்கடிகாரத்தை உருவாக்கிய இருவரில் எல்மார் மாக் ஒருவர், மற்றவர் ஜாக் முல்லர். விலையைக் குறைக்க வேண்டும் என்பதற்காகப் பாகங்களை 51 ஆகக் குறைத்தார்கள். மேல் கண்ணாடியைத் தனி வளையமோ ரப்பரோ போட்டு மாட்டாமல், பிளாஸ்டிக் உடலோடு மீயொலியால் ஒட்டிவிட்டார்கள். பிறகு மாக் 1986-ல் பீல் நகரில் கிரியாஹாலிக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். மரத்துக்குள் உருகும் முளையைச் செலுத்தும் முறைக்கான சர்வதேசக் காப்புரிமை விண்ணப்பம் அந்த நிறுவனத்தின் பெயரில்தான் 1998-ல் வெளியானது. அதிலிருந்து கிளைத்த நிறுவனம் வுட்வெல்டிங். கடிகாரக்காரர்கள் மரத்துக்கு வந்தது எனக்கு மிகவும் பிடித்த திருப்பம். சின்னப் பாகம், கொஞ்ச நேரம், அளவான சூடு என்று பழகிய கைகள் அவை.

குழந்தையின் மண்டையோடு

மரத்துக்காக யோசித்த இந்த முறை, எலும்புக்கும் போனது. போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். எலும்பின் உட்பகுதி நுண்துளைகள் நிறைந்த சல்லடை. வெளியே கெட்டியான ஓடு, உள்ளே வலைபோன்ற எலும்பு, இடைவெளிகளில் மஜ்ஜை. சீவல் பலகையின் அமைப்பும் ஏறத்தாழ இதுதான்.

கைக்குழந்தையின் மண்டையோடு பல தகடுகளாக இருக்கும், மூளை வளர இடம்விட்டு அவற்றின் பொருத்துகள் மெல்ல மெல்லத்தான் மூடும். சில குழந்தைகளுக்கு ஏதாவது ஒரு பொருத்து முன்கூட்டியே மூடிவிடுகிறது. தலை ஒரு பக்கம் ஒடுங்கி வளர்கிறது, சிலருக்கு மூளைக்கு அழுத்தமும் ஏற்படலாம். அறுவை மருத்துவர்கள் எலும்புத் துண்டுகளை எடுத்து, வடிவம் திருத்தி, மறுபடியும் பொருத்துகிறார்கள். அவற்றை அந்த இடத்தில் பிடித்து வைக்க ஏதாவது வேண்டும்.

பெரியவர்களுக்கென்றால் டைட்டானியத் தகடும் ஸ்க்ரூவும் போதும். குழந்தையிடம் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மண்டையோடு வளரும்போது வெளிப்புறத்தில் புது எலும்பு படியும், உட்புறத்தில் பழையது கரையும். இன்று வெளியே பதித்த தகடு, சில ஆண்டுகளில் எலும்புக்குள் புதைந்து மூளையின் பக்கமாகப் போய்விடலாம். அதனால்தான் உடலில் கரைந்துபோகும் பிளாஸ்டிக்கைத் தேடினார்கள். பாலிலாக்டிக் அமில வகைப் பிளாஸ்டிக் அப்படிப்பட்டது. உடலின் ஈரத்தில் மெல்ல உடைந்து லாக்டிக் அமிலமாகி, கடைசியில் கரியமில வாயுவும் தண்ணீருமாக வெளியேறிவிடும். எலும்பு கூடும்வரை பிடித்துவிட்டு, பிறகு காணாமல் போகும்.

இந்தப் பிளாஸ்டிக்கில் செய்த ஸ்க்ரூக்கள் மென்மையானவை. எலும்பில் ஓட்டை போட்டு, தனியாக மரை வெட்டி, பிறகு பதமாக முடுக்க வேண்டும். கொஞ்சம் வேகம் காட்டினால் தலை முறிந்துவிடும். அந்த மெல்லிய எலும்பில் மரைக்கு இரண்டு சுற்றுக்கூட இடம் கிடைக்காது. அதிர்வு முறையில் மரை வெட்டும் வேலையே இல்லை. ஓட்டை போட்டு, கைக்கருவியின் நுனியில் இருக்கும் சின்ன முளையைத் தகட்டின் துளை வழியே வைத்து, அதிர்வைக் கொடுத்தால், முளை இளகி எலும்பின் வலைக்குள் வழிந்து இறுகுகிறது. முளையின் தலை அதே பிளாஸ்டிக்கில் செய்த தகட்டோடு சேர்ந்து ஒன்றாகிவிடும். கேஎல்எஸ் மார்ட்டின் என்ற ஜெர்மன் நிறுவனம் சோனிக்வெல்ட் என்ற பெயரில் இதை அறுவை அரங்குக்குக் கொண்டுவந்தது.

உயிருள்ள எலும்பில் சூடா என்ற பயம் நியாயமானது. ஸ்வீடனில் எரிக்சனும் ஆல்பிரெக்ட்சனும் முயல்களின் எலும்பில் செய்த ஆய்வை 1983-ல் வெளியிட்டார்கள். 47 டிகிரி வெப்பம் ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு பாதிக்கப்படத் தொடங்கும் என்பது அதன் முடிவு, பல் மருத்துவத்தில் இன்றும் அதைத்தான் எல்லையாகச் சொல்கிறார்கள். முளையின் பிளாஸ்டிக் வழிந்தோட 47 டிகிரியைவிட நல்ல அதிகச் சூடு வேண்டும். பிறகு எப்படி?

வெப்பநிலை வேறு, வெப்பத்தின் அளவு வேறு என்பதில்தான் பதில் இருக்கிறது. 2 மி.மீ. விட்டமும் 5 மி.மீ. நீளமும் உள்ள முளையின் எடை 0.02 கிராம். அதை முழுவதுமாக 150 டிகிரிக்குக் கொண்டுபோனாலும் அதில் அடங்கும் வெப்பம் சுமார் 5 ஜூல்தான். அந்த 5 ஜூல், ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரிக்குச் சற்று மேல் மட்டுமே சூடாக்கும். ஈரமும் ரத்தமும் நிறைந்த எலும்பு அதை நொடிகளில் வாங்கிப் பரப்பிவிடுகிறது. தொட்ட பரப்பில் கணநேரம் சூடு எகிறும், ஆனால் ஒரு நிமிடம் நிற்காது. மரத்தில் கருகலைத் தடுத்த அதே கட்டுப்பாடு, ஓரத்தில் மட்டும், கணத்துக்கு மட்டும் என்ற கட்டுப்பாடு, இங்கே எலும்பின் உயிரையும் காக்கிறது.

பிளாஸ்டிக்கே இல்லாமல் மரத்தோடு மரத்தை அதிர்வால் ஒட்டும் உறவுக்கார முறை ஒன்றும் உண்டு. இரண்டு பலகைகளை நொடிக்கு நூறு முறைக்கு மேல், சில மில்லிமீட்டர் அகலத்துக்கு உரசவிட்டால் மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் இளகிப் பசையாகிறது. பிரான்சில் அன்டோனியோ பிட்சியின் குழுவும் பீல் நகரத்து மரத்தொழில் கல்லூரியும் 2000களின் தொடக்கத்தில் இதை வளர்த்தார்கள். தண்ணீர்தான் அதற்கு ஆகாது. நைலான் முளைக்கு அந்தத் தொல்லை குறைவு.

எங்கே கைகொடுக்காது

சூட்டில் உருகும் பிளாஸ்டிக் மட்டுமே இதற்கு உதவும். பேக்லைட், எபாக்சி போல ஒருமுறை இறுகினால் இறுகியதுதான் என்று நிற்பவை, எவ்வளவு அதிர்த்தாலும் உருகாது, கருகும். உருகும் வகையிலும் எல்லாம் ஒன்றல்ல. பாலிஎதிலீன் போன்ற மென்மையானவை அதிர்வை வழியிலேயே விழுங்கிவிடும். முளையை நீளமாக வைத்தால் அடிவரை ஆற்றல் போய்ச் சேராது. கண்ணாடி இழை கலந்த கெட்டியான பிளாஸ்டிக் நன்றாகக் கடத்தும்.

நிரந்தரப் பாரம் தொங்கும் இடத்தில் யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும். பிளாஸ்டிக் தொடர்ந்து இழுபட்டால் வருடக்கணக்கில் மெல்ல நீளும், வெயிலில் காயும் இடமாக இருந்தால் இன்னும் சீக்கிரம். கழற்றுவதும் கஷ்டம்: முளையை எடுக்க வேண்டுமானால் பலகையைச் சேர்த்து வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதனால் பிற்காலத்தில் மரத்தையும் பிளாஸ்டிக்கையும் பிரித்து மறுசுழற்சி செய்வது சிரமமாகிறது. இது உண்மையான குறை. வடிவமைப்பவர்கள் தொடக்கத்திலேயே நினைத்துப் பார்க்க வேண்டிய ஒன்று.

இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் காது மூடி போட்டுக்கொள்ள வேண்டும். 20,000 அதிர்வு மனிதக் காதின் எல்லையில் இருப்பது உண்மைதான். ஆனால் பலகையும் அதைப் பிடிக்கும் தாங்கியும் அதைவிடக் குறைந்த சுருதியில் கீச்சிடும், அது நன்றாகவே கேட்கும்.

புதிதாக இதை முயல்பவர்கள் முதல் மாதிரியை இழுத்துப் பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். இழுவையில் முளை சீவல்களையும் பெயர்த்துக்கொண்டு வந்தால் நல்ல மூட்டுதான், உடைந்தது பலகை. ஆனால் பிடிக்காதபோது ஏன் என்று இழுவை சொல்லாது. மாதிரியை நெடுக்காக அறுத்துத்தான் பார்க்க வேண்டும். ஓரத்தில் விரல்களே இல்லாமல் முளை வழவழப்பாக நின்றால் அது உருகுவதற்கு முன்பே உள்ளே தள்ளப்பட்டிருக்கிறது: இறக்கும் வேகத்தைக் குறைத்து அதிர்வின் வீச்சைக் கூட்டுங்கள். எல்லையில் பழுப்பு வளையமும் குமிழிகளும் தெரிந்தால் அதிர்வு நீண்டுவிட்டது. தலை காளானாக விரிந்து, நுனி அப்படியே கூர் மழுங்காமல் இருந்தால் ஆற்றல் மேலேயே செலவாகிவிட்டது: அழுத்தத்தைக் கூட்டுவதற்கு முன் ஹார்னின் முகம் முளையின் தலையில் முழுதாகப் படிகிறதா என்று பாருங்கள், படிகிறது என்றால் மாற்ற வேண்டியது பிளாஸ்டிக்கைத்தான்.